அப்பத்தாவின் எக்ஸ்ரேயை ஏஐ படித்தால் போதுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், வேறு யாராவது படித்தாலும் புரியும். நீங்கள் சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறீர்கள். பள்ளத்தூர் வீட்டில் தனியாக இருக்கும் உங்கள் அப்பத்தாவுக்கு 74 வயது; மூன்று வாரமாக இருமல். வீட்டு வேலைக்கு வருகிற அம்மா அவரைக் காரைக்குடிக்குக் கூட்டிப்போய் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் உங்கள் வாட்ஸ்அப்புக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது. வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் சிவப்பாக ஒரு திட்டு, பக்கத்தில் 0.62 என்று ஒரு எண், காசநோய் இருக்கக்கூடும் என்று ஒரு வரி, அடியில் இது செயற்கை நுண்ணறிவு (ஏஐ) தயாரித்த அறிக்கை என்ற குறிப்பு. டாக்டர் கையெழுத்து எதுவும் இல்லை. "இதை நம்பலாமா, கூடாதா?" என்று கேட்கிறீர்கள்.

இரண்டு தடவை படித்த பிறகு எனக்கு வேறொன்று பட்டது. மென்பொருள் கெட்டிக்காரத்தனமானதா என்பது உங்கள் கவலை இல்லை. அப்பத்தாவின் படத்தை மனுஷர் யாராவது பார்த்தார்களா, இனிமேலாவது பார்ப்பார்களா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. அந்தக் கேள்விக்கே பதில் எழுதுகிறேன். நான் ரேடியாலஜிஸ்ட். தேவகோட்டைக்காரி. 22 வருடமாக இந்த வட்டாரத்து ஜனங்களின் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் பார்ப்பதுதான் என் தொழில். கடைசி சில வருடங்களாக அதே மேஜையில் ஏஐ மென்பொருளும் ஓடிக்கொண்டிருக்கிறது. நுரையீரல் மருத்துவம் என் துறை இல்லை, மென்பொருள் எழுதவும் தெரியாது. அப்பத்தாவின் படத்தை நான் பார்க்காததால் அவருக்கு என்ன என்று சொல்லப்போவதும் இல்லை.

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. ரிப்போர்ட் சரியோ தப்போ, இரண்டு வாரத்தைத் தாண்டி இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். நம் நாட்டுக் காசநோய்த் திட்டத்தின் வழிமுறை அது, ஏஐ வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே. அரசு மருத்துவமனையில் பைசா செலவில்லை. ட்ரூநாட் அல்லது சிபிநாட் என்று கேட்டால் அங்கே தெரியும். இரண்டுமே சளியில் காசநோய்க் கிருமியின் மரபணு இருக்கிறதா என்று தேடுபவை. சில மணி நேரத்தில் முடிவு தெரியும், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படுமா என்பதும் தெரியும். எக்ஸ்ரேயில் தெரிவது நிழல் மட்டும். நிழலைப் பார்த்து, நானாக இருந்தாலும் இயந்திரமாக இருந்தாலும், சந்தேகம்தான் எழுப்ப முடியும். சளியில் கிருமி தெரிந்தால் அது உறுதி.

இப்போது அந்த 0.62. இந்த மென்பொருளுக்கு லட்சக்கணக்கான நெஞ்சுப் படங்களைக் காட்டி, இது காசநோய், இது இல்லை என்று குறித்துக் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள். நுரையீரல் என்றால் மூச்சு விடும் உறுப்பு என்பதுகூட அதற்குத் தெரியாது. கறுப்பு வெளுப்புப் புள்ளிகள் எப்படி அடுக்கியிருந்தால் முன்பு காசநோய் என்று குறிக்கப்பட்டிருந்தது என்பது மட்டும் அதற்குப் பழகியிருக்கிறது. புதுப் படம் வந்தால், பழகிய அடுக்குக்கு இது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று 0-க்கும் 1-க்கும் நடுவே ஓர் எண் கொடுக்கும். ஆகவே அப்பத்தாவுக்குக் காசநோய் இருக்க 62 சதவீதம் வாய்ப்பு என்று அதைப் படித்துவிடாதீர்கள். எந்த எண்ணுக்கு மேலே போனால் சந்தேகம் என்று கோடு போடுவது மனிதர்களின் வேலை. ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் 0.5, இன்னொன்றில் வேறு எண். அதே மென்பொருளுக்கே ஊருக்கு ஊர் அந்தக் கோடு எங்கே என்று அளந்து வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சிவப்புத் திட்டும் அப்படித்தான். நோயின் எல்லை அது இல்லை. எந்த இடத்தைப் பார்த்து அந்த எண் ஏறியது என்று காட்டுகிற ஒரு வண்ணப்பூச்சு, அவ்வளவுதான். வண்ணத்தோடு வாட்ஸ்அப்பில் பார்க்கிறபோது நெஞ்சு பதறத்தான் செய்யும். வீட்டாருக்கு இந்த வண்ணப் படத்தை நேரடியாக அனுப்புவதே சரியில்லை என்பது என் எண்ணம்.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். காசநோய்க்கு முதல் சல்லடையாக எந்தக் கருவி வந்தாலும், நோய் உள்ளவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், நோய் இல்லாதவர்களில் 70 சதவீதத்தைச் சரியாக விலக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது. ஒரு முகாமில் 1000 பேருக்கு எக்ஸ்ரே எடுக்கிறோம், அதில் 10 பேருக்கு உண்மையிலேயே நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவை மட்டும் எட்டிய கருவி 9 பேரைப் பிடிக்கும். மிச்சம் 990 பேரில் 297 பேரையும் சேர்த்தே பிடிக்கும். சிவப்பு விழுந்தது 306 பேருக்கு, நோய் இருப்பது 9 பேருக்கு. கருவி பொய் சொல்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம், சல்லடையின் வேலையே இதுதான். 1000 பேரிடம் சளி வாங்குவதற்குப் பதில் 306 பேரிடம் வாங்கினால் போதும். ஆனால் சிவப்பு விழாத 694 பேரில் நோயோடு ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பதும் அதே கணக்குதான். அப்பத்தா முகாமுக்குப் போன ஆரோக்கியமான ஆள் இல்லை. மூன்று வாரம் இருமியவர். அவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு முகாமில் வந்தவர்களைவிடக் கூடுதல்தான். அதனால்தான் சளி என்று முதலிலேயே சொன்னேன்.

எது உறுதி என்று கேட்டால், நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய்ச் சந்தேகத்தைச் சல்லடை போட இந்த மென்பொருள்கள் உதவும் என்பது உறுதி. 2021-இல் உலக சுகாதார நிறுவனமே, 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு, படம் பார்க்கும் மனிதருக்குப் பதிலாகவே இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. அதே வருடம் வங்கதேசத்தின் டாக்காவில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. ஏறக்குறைய 24,000 பேரின் படங்களை ஐந்து மென்பொருள்களிடமும் அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்ட்களிடமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்தும் மனிதர்களைவிட நன்றாகச் செய்தன. என் தொழிலைச் சேர்ந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ளத் தயங்கக்கூடாது. ஆனால் அதே ஆய்வில் உங்கள் அப்பத்தாவுக்கு வேண்டிய ஒரு விஷயமும் இருக்கிறது. 60 வயது தாண்டியவர்களிடத்திலும், முன்பு காசநோய் வந்து குணமானவர்களிடத்திலும் ஐந்து மென்பொருளும் சறுக்கின. பழைய தழும்புக்கும் புது நோய்க்கும் வித்தியாசம் பிரிப்பது அவற்றுக்குக் கஷ்டம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் நெஞ்சைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கிடைத்த பாடம் இங்கேதான் இருக்கிறது. வாழ்நாளில் பாதியை விறகடுப்புப் புகையில் கழித்த அப்பத்தாக்களின் நுரையீரல் எந்தப் படத்திலும் சுத்தமாக இருக்காது. புதுவயல் அரிசி ஆலைகளில் தூசுக்குள்ளேயே வேலை பார்த்தவர்களின் படமும் அப்படித்தான். அதற்கு மேல், அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் யாருக்காவது சயரோகம் என்றால் வெளியே மூச்சு விடமாட்டார்கள். பெண் கொடுக்க எடுக்கத் தடையாகிவிடும். அதனால் "முன்னே டி.பி. வந்திருக்கா?" என்று கேட்டால் எல்லா ஆச்சிகளும் இல்லை என்றே தலையாட்டுவார்கள். நான் அப்படிக் கேட்பதில்லை. "சின்ன வயசுல மாசக்கணக்கா தினம் ஊசி போட்டுக்கிட்டீகளா ஆச்சி?" என்று கேட்பேன். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிதான் அப்போதெல்லாம் காசநோய்க்கு முக்கியமான மருந்து. "ஆமா, சுருக்குச் சுருக்குன்னு ஊசி, காதுகூட ஒரு மாதிரி இரைஞ்சுச்சு" என்று பதில் வரும். காது இரைச்சல் அந்த மருந்தின் பக்க விளைவு. அந்த ஒரு வாக்கியம், படத்தில் இருக்கும் நிழலின் அர்த்தத்தையே மாற்றிவிடும். 0.62 போட்ட மென்பொருளிடம் படம் மட்டும்தான் போயிருக்கும். அப்பத்தாவின் வாயிலிருந்து இந்த வார்த்தையை அதற்குச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள். உங்கள் அப்பத்தாவை போனில் கூப்பிட்டு இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

இயந்திரம் தப்பாகப் பிடித்ததையும் ஒன்று சொல்கிறேன். காரைக்குடிப் பக்கம் ஒரு முகாமில் நாற்பது வயதுப் பெண் ஒருவருக்கு வலது பக்கம் மேலே சிவப்பு விழுந்தது. எண்ணும் பெரியது. அவர் அழுதபடி வந்தார். படத்தைத் திறந்தேன். நிழல் நுரையீரலின் எல்லையைத் தாண்டிக் கழுத்துக்கும் ஏறிப் போயிருந்தது. நுரையீரல் நோயின் நிழல் பொதுவாக அப்படி எல்லை தாண்டாது. தலையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தால், எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய தடித்த சடை தோளின் முன்பக்கம் கிடந்தது. சடையைத் தூக்கி உச்சியில் கட்டி மறுபடி எடுத்தோம், நிழல் போய்விட்டது. சடை, தாயத்து, ரவிக்கையில் மறந்துபோன ஊக்கு, கழுத்துச் சங்கிலி, ருத்ராட்சம் எல்லாமே எக்ஸ்ரேயில் விழும். மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்த படத்திலும், உடம்பு ஒரு பக்கம் திரும்பி நின்ற படத்திலும் நுரையீரலில் இல்லாத நோயெல்லாம் இருப்பதுபோல் தெரியும். அனுபவமுள்ள டெக்னீஷியன் படம் எடுக்கும் முன்பே இதையெல்லாம் சரிசெய்துவிடுவார். ஏஐ எவ்வளவு நன்றாக வேலை செய்யும் என்பதில் பாதி, படம் எடுப்பவர் கையில் இருக்கிறது. இதை விற்பனைக்கு வருகிறவர்கள் சொல்லுவதில்லை.

எனக்கு அது கைகொடுத்த நாளும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. ஒருநாள் சாயங்காலம், அன்றைக்கு நூற்றைம்பதாவது படமோ என்னவோ, ஓர் ஆசிரியரின் எக்ஸ்ரேயை இயல்பு என்று எழுதப் போனேன். இதயத்தின் நிழலுக்குப் பின்னால் மென்பொருள் ஒரு கட்டம் போட்டிருந்தது. மறுபடி பார்த்தால் அங்கே ஒரு சிறிய கட்டி. இதயத்துக்குப் பின்னாலும் காறை எலும்புக்கு அடியிலும் கண் வழுக்கிப் போகும் என்று மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன். களைத்த கண் அந்த இடத்தில்தான் வழுக்கியது. சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், சீக்கிரமே அறுவைச் சிகிச்சை ஆயிற்று, இப்போது நன்றாக இருக்கிறார். அன்றிலிருந்து, நான் முதலில் பார்த்து முடிவு செய்துவிட்டுப் பிறகே மென்பொருள் சொல்வதைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன். வரிசையை மாற்றினால் ஆபத்து. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 27 ரேடியாலஜிஸ்ட்களிடம் மார்பக எக்ஸ்ரே படங்களைக் கொடுத்து, ஏஐ சொன்னது என்று வேண்டுமென்றே சில தவறான பதில்களையும் சேர்த்துக் காட்டினார்கள். ஏஐ சரியாகச் சொன்ன படங்களில் மிக அனுபவமுள்ளவர்கள் 82 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அது தவறாகச் சொன்ன படங்களில் அவர்களே 46 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டார்கள். அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கே போய்விட்டார்கள். டாக்டர் மேற்பார்வையில்தான் ஏஐ ஓடுகிறது என்று யாராவது சொன்னால், டாக்டர் எப்போது பார்க்கிறார், முன்னாலா பின்னாலா என்று நான் கேட்பது இதனால்தான்.

இன்னொரு பொறி, இயல்பு என்ற சொல். காசநோய்க்கு மட்டும் பழக்கிய மென்பொருள் இயல்பு என்று சொன்னால், காசநோய் மாதிரி தெரியவில்லை என்றுதான் பொருள். இதயம் பெருத்திருக்கலாம், விலா எலும்பு முறிந்திருக்கலாம், குடல் ஓட்டையாகி உதரவிதானத்துக்கு அடியில் காற்று நிற்கலாம். அதையெல்லாம் பார்க்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அப்பத்தாவின் இருமலுக்குக் காரணம் இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்ததாகக்கூட இருக்கலாம், 74 வயதில் அது அபூர்வம் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு எனலாபிரில் வகை மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். படம் சுத்தமாக இருந்தும் வறட்டு இருமல் மாதக்கணக்கில் நிற்காமல் போவது அந்த மாத்திரையால் உண்டு. மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

நெஞ்சு எக்ஸ்ரேயைத் தாண்டி நம் பக்கம் நிஜமாகவே பலன் தரக்கூடியது சர்க்கரை நோயாளிகளின் கண் பரிசோதனை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இதில் முன்னோடிகள். கூகிள் ஆராய்ச்சியாளர்கள் 2016-இல் வெளியிட்ட மென்பொருள் 1,28,175 விழித்திரைப் படங்களில் பழகியது. அதைத் தயாரித்ததில் இந்தியப் படங்களுக்கும் டாக்டர்களுக்கும் பங்கு உண்டு. பிறகு இந்த இரண்டு மருத்துவமனைகளிலும் 3049 நோயாளிகளிடம் சோதித்து 2019-இல் எழுதினார்கள், கண் மருத்துவர்களுக்கு ஈடாகவே வந்தது. சர்க்கரையால் விழித்திரை கெடும்போது ஆரம்பத்தில் பார்வை மங்காது, வலிக்காது. மங்கும்போது கை மீறியிருக்கும். அதனால், கண்ணில் ஒன்றும் இல்லையே என்று நினைக்கிற ஆளை வருடம் ஒருமுறை படம் எடுக்க வைப்பதுதான் சிகிச்சையின் பாதி. அந்தப் படத்தை உடனே படித்து, மதுரைக்கு யார் போக வேண்டும், யார் போக வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல ஏஐ போதும். ஆனால் அதே மென்பொருளைத் தாய்லாந்தில் 11 சிறு மருத்துவமனைகளில் ஓட்டியபோது, ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் தெளிவில்லை என்று அது திருப்பி அனுப்பிவிட்டது. அறையில் வெளிச்சம் சரியில்லை, இணையமும் மெதுவாக இருந்தது. படம் தெளிவாக இல்லாததால் இன்னொரு நாள் வேறு மருத்துவமனைக்குப் போ என்று சொல்லப்பட்ட கிராமத்து ஜனங்கள் அலைந்தார்கள். 2020-இல் அந்த ஆராய்ச்சியாளர்களே இதை வெளிப்படையாக எழுதினார்கள். மற்றவர்களும் அப்படி எழுதினால் நல்லது.

ஸ்வீடனில் 80,000 பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய மார்பகப் புற்றுநோய் ஆய்வு ஒன்றின் முதல் முடிவு 2023-இல் வந்தது. வழக்கமாக இரண்டு டாக்டர்கள் ஒவ்வொரு படத்தையும் பார்ப்பார்கள். ஏஐ சந்தேகம் குறைவு என்று சொன்ன படங்களுக்கு ஒரே டாக்டர் போதும் என்று மாற்றினார்கள். படிக்கிற வேலை 44 சதவீதம் குறைந்தது, கண்டுபிடித்த புற்றுநோய் 1000 பேருக்கு 5.1-இலிருந்து 6.1 ஆனது. பத்திரிகைகளில் இதைப் படித்தவர்கள், அங்கேயே ஆயிற்று, இங்கே ஏன் ஆகாது என்று கேட்பார்கள். அங்கே மிச்சமானது இரண்டாவது டாக்டரின் நேரம். நம் பக்கத்தில் பல இடங்களில் முதல் டாக்டரே இல்லை. இரண்டாவது கண்ணாக வேலை செய்து நல்ல பேர் வாங்கிய கருவியை ஒரே கண்ணாக வைத்தால் அதே பலன் கிடைக்கும் என்று அந்த ஆய்விலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 2016-இல் ஜெஃப்ரி ஹின்டன், ரேடியாலஜிஸ்ட்களைப் பழக்குவதை இப்போதே நிறுத்திவிடலாம் என்று சொன்னார். அவர் செயற்கை நுண்ணறிவுத் துறையின் தந்தை போன்றவர், 2024-இல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் இன்றைக்கும் சிவகங்கை மாவட்டத்தில் எங்களுக்கு ஆள் பற்றாமல்தான் இருக்கிறது.

நோயாளிக்கு யாரும் சொல்லாமலேயே ஏஐ வேலை செய்யும் இடம் ஒன்று உண்டு. புது எம்.ஆர்.ஐ., சி.டி. இயந்திரங்களில் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும் கலங்கலை நீக்கித் தெளிவாக்குவது இப்போது பெரும்பாலும் ஏஐதான். எம்.ஆர்.ஐ.யில் படுத்திருக்கும் நேரம் குறைகிறது, சி.டி.யில் கதிர்வீச்சு குறைகிறது. முதுகுவலியோடு அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்க முடியாத பெரியவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயம். பக்கவாதத்திலும் நேரம்தான் எல்லாம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்குமுன் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி.யில் உறுதி செய்ய வேண்டும். காரைக்குடியிலிருந்து மதுரை 80 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி இரண்டு மணிக்கு எடுத்த சி.டி.யில் கசிவு தெரிகிறது என்று ஏஐ உடனே போனை அடித்து டாக்டரை எழுப்பினால், ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது என்ற முடிவு சீக்கிரம் வரும்.

சந்தேகத்துக்கு உரியவற்றையும் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்ன மாற்றங்களைக்கூட ஏஐ பிடிக்கிறது என்பதால் ஆயுள் கூடுமா என்பது பல நோய்களில் இன்னும் நிரூபணமாகவில்லை. தொல்லை தராமல் கிடந்திருக்கக்கூடியதையும் தோண்டி எடுத்து, 74 வயதுக்காரரை சி.டி., ஊசி வைத்துச் சதை எடுத்தல் என்று இழுத்தடிக்கும் அபாயம் மெய்யானது. இப்போது பேசுகிற மாதிரியே ரிப்போர்ட் எழுதித் தரும் ஏஐகளும் வந்திருக்கின்றன. நான் பார்த்த வரையில், வாக்கியம் அழகாக இருக்கும், இடமும் வலமும் மாறிக் கிடக்கும். அதை எந்த நோயாளிக்கும் நேராகக் கொடுக்க நான் இன்றைக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இப்போது உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். எனக்கு மறக்காத ஒரு சம்பவம். ஓர் இடத்தில், பேர் வேண்டாம், ஒரு பெரியவரின் படத்தை ஏஐ அன்றைக்கே சரியாகப் பிடித்தது. ரிப்போர்ட் வெளிநாட்டில் இருக்கும் மகனின் போனுக்குப் போனது. டாக்டரிடம் போயிருக்கும் என்று மகன் நினைத்தார், மகன் பார்த்துக்கொள்வார் என்று எக்ஸ்ரே எடுத்த சென்டர் நினைத்தது. 17 நாள் கழித்து ரத்தமாகத் துப்பியபோதுதான் பெரியவர் என்னிடம் வந்தார். அதற்குள் வீட்டுக்குப் பேரக்குழந்தைகள் விடுமுறைக்கு வந்து போயிருந்தார்கள். இயந்திரம் பத்து நிமிடத்தில் தன் வேலையை முடித்துவிட்டது. 17 நாளை வீணடித்தது மனிதர்களாகிய நாங்கள். செட்டிநாட்டில் இது தனியாகக் கவலைப்பட வேண்டிய விஷயம். முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் நடக்கவே ஐந்து நிமிடம் ஆகும் வீட்டில் ஓர் ஆச்சி மட்டும் இருப்பார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். போனுக்கு ரிப்போர்ட் வருகிறது, ஆச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் இல்லை. ஏஐயால் நோயாளிக்கு நன்மை உண்டா என்று என்னைக் கேட்டால், படத்துக்கும் அடுத்த கைக்கும் நடுவே இருக்கிற நாட்களை அது குறைத்தால் உண்டு என்பேன்.

ஆகவே சென்டருக்கு நாளைக்குப் போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். இந்தப் படத்தை எந்த ரேடியாலஜிஸ்ட் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், எப்போது போடுவார், சந்தேகம் என்று வந்தால் நோயாளியைத் தொடர்ந்து விசாரிப்பது யார் பொறுப்பு. பதில் தெளிவாக வந்தால் அந்த இடம் ஏஐயைச் சரியாகப் பயன்படுத்துகிறது. வராவிட்டால், கையெழுத்துள்ள ரிப்போர்ட்டை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பாமல் அசல் கோப்பாக, டைகாம் என்று சொல்வார்கள், சி.டி. தட்டிலோ லிங்க்காகவோ கேட்டு வாங்குங்கள். போன் போட்டோவில் பாதி விவரம் போய்விடும். சொந்தக்காரர் குரூப்களில் பேர் தெரியும்படி போடவும் வேண்டாம். டி.பி. சந்தேகம் என்று ஒரு வரி ஊருக்குள் ஓடினால், அப்பத்தாவைப் பார்க்க வரும் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். ஒருவேளை சளியில் கிருமி இருந்தாலும் பயம் வேண்டாம். சாதாரண வகை என்றால் ஆறு மாத மாத்திரையில் குணமாகும், மருந்தும் இலவசம், சாப்பாட்டுக்கென்று மாதம் 1000 ரூபாய் மத்திய அரசு தருகிறது. சளியில் இல்லை என்று வந்தாலும் விட்டுவிடக்கூடாது. நுரையீரல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னபடி சில வாரம் கழித்து மறுபடி ஒரு படம் எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டில் பழைய எக்ஸ்ரே எங்காவது இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் எதையும் தூக்கிப் போடுவதில்லை. இரண்டாங்கட்டு அறையில், பெட்டகத்தில், பழைய கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் மஞ்சள் உறைக்குள் பிலிம் சுருண்டு கிடக்கும். கண்புரை ஆபரேஷனுக்கு முன்பு எடுத்ததோ, எப்போதோ காய்ச்சலுக்கு எடுத்ததோ, எதுவானாலும் சரி. இரண்டு வருடம் முன்பு அதே இடத்தில் அதே அளவில் அந்த நிழல் இருந்திருந்தால், பெரும்பாலும் அது பழைய தழும்பு. இருமலுக்குச் சளியைப் பார்க்கத்தான் வேண்டும், என்றாலும் அந்தத் திட்டைப் பற்றிய பயத்தில் முக்கால்வாசி அன்றைக்கே போய்விடும். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பேரும் தேதியும் ஓரத்தில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, மடிக்காமல் புதுப் படத்தோடு சேர்த்து டாக்டரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள். சளி எடுக்கும் அன்று காலையில் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, எச்சிலாக இல்லாமல் ஆழமாக இருமி வருவதைக் கொடுக்க வேண்டும். அதையும் அப்பத்தாவிடம் நீங்களே போனில் சொல்லுங்கள், பேரன் சொன்னால் கேட்பார்.